கோத்தகிரில ஒரு ரோஜா வேலி: ஐஸ்பெர்க்கும் எட்வர்டும், குச்சி வெச்சதுல இருந்து கவாத்து வரை

ரோஜா சரியா பூக்கலன்னு சொன்னா எல்லாரும் மொதல்ல கேக்குறது என்ன உரம் போட்டீங்கன்னுதான். நான் கேக்குறது வேற, கார்த்திகை மழை முடிஞ்சப்போ உங்க செடில இலை எவ்வளவு மிச்சம் இருந்துச்சு? எங்க வீட்டு மேல்பாத்தி ஓரமா ஐஸ்பெர்க் ரோஜாவையும் எட்வர்டு ரோஜாவையும் கலந்து வேலியா போட்டு வளர்த்துட்டு வர்றேன், ரெண்டுமே வருஷத்துக்கு ஒரு தடவை பூத்துட்டு அடங்குற ரகம் இல்ல, ஒரு சுத்து முடிஞ்சா அடுத்த சுத்துன்னு திரும்பத் திரும்ப பூக்குற புதர் ரோஜா. ஆனா நம்ம மலைல அந்த அடுத்த சுத்து வர்றதும் வராததும் இலை கைலதான் இருக்கு. அதை எப்படிப் பண்ணேன்னு மண்ணுல இருந்து ஆரம்பிச்சு எழுதுறேன், நீலகிரிலயோ கொடைக்கானல் பக்கமோ இருக்கிறவங்களுக்கு அப்படியே பொருந்தும், கீழ சமவெளில இருக்கிறவங்க மாச கணக்கை மட்டும் மாத்திக்கணும்.

இடம் பத்தி கொஞ்சம். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. மேற்கால 2,637 மீட்டருக்கு தொட்டபெட்டா குறுக்க நிக்கிறதால கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் ஜூலைல கொட்டுற மழை எங்களுக்கு அப்படி வராது, சாரலும் மிஸ்டும்தான். எங்களுக்கு நிஜமான மழைன்னா ஐப்பசி கார்த்திகைல வர்ற வடகிழக்குதான். ஊட்டி அளவுக்கு உறைபனியும் இல்ல. பகல்ல குளுகுளுன்னு இருக்கிறதால பூ செடிலயே ரொம்ப நாள் நிக்கும், கலர் வாடாது, ரோஜாவுக்கு இதைவிட நல்ல ஊரு கிடையாதுன்னே சொல்லலாம், ஒரே ஒரு குறை ஈரம். ராத்திரி பூரா இலை மேல தண்ணி நிக்கும், காலைல ஒம்பது மணி வரைக்கும் காயாது. இலையைக் கொட்ட வைக்கிற கரும்புள்ளி நோய்க்கு வேண்டியதே அதுதான், அந்தப் பூஞ்சை வித்து இலைல இறங்கி வேலைய ஆரம்பிக்க சுமார் 7 மணி நேரம் தொடர்ந்து ஈரம் இருந்தா போதும்.

இந்த ரெண்டு ரகத்தை ஏன் எடுத்தேன்னா, ஐஸ்பெர்க் எனக்கு ரொம்ப புடிச்ச வெள்ளை. ஜெர்மனில கோர்டெஸ் குடும்பம் 1958ல வெளியிட்டது, 1983ல உலக ரோஜா சங்கக் கூட்டமைப்பு இதை சிறந்த ரோஜாக்கள் பட்டியல்ல சேர்த்துச்சு. கடைல ஃப்ளோரிபண்டான்னு, அதாவது கொத்தா பூக்குற ரகம்னு சொல்லித்தான் குடுப்பாங்க, அது சரிதான், ஆனா இதோட தாய்ச்செடி ராபின் ஹுட்னு ஒரு பழைய ஹைப்ரிட் மஸ்க் புதர் ரோஜா, அந்த ரத்தம் இதுல நல்லாவே தெரியும். ஒட்ட வெட்டாம விட்டா நம்ம மலைல ஆள் உயரத்துக்குப் பக்கமா போகும், அகலமா விரியும், முள்ளு ரொம்ப கம்மி, கொத்து கொத்தா பூக்கும். குளிர் ஜாஸ்தியா இருக்கிற மாசத்துல மொட்டு லேசா ரோஸ் கலர் ஓடி வரும், அதைப் பாத்து ரகம் மாறிடுச்சுன்னு நினைக்க வேணாம், வெயில் வந்தா பழையபடி வெள்ளைதான். குறைன்னு பாத்தா கரும்புள்ளி, ஈரமான ஊர்ல ஐஸ்பெர்க்குக்கு அது வராம இருக்காது, இதைத் தெரிஞ்சேதான் வெச்சேன்.

எட்வர்டு எங்க வீட்டுல அம்மா காலத்துல இருந்தே இருக்கு, நாங்க பன்னீர் ரோஸ்னு சொல்றது அதைத்தான். மாலை கட்டுறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச செடி, தமிழ்நாட்டுல உதிரிப்பூவுக்காக ஏக்கர் கணக்குல போடுறாங்க. இதோட பூர்வீகம் எனக்கு ரொம்ப சந்தோஷம் தர்ற விஷயம், இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ரீயூனியன் தீவு, அப்ப அதுக்கு பூர்பான்னு பேரு, அங்க தோட்டத்துக்கு வேலியா சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் பக்கத்துல பக்கத்துல நட்டிருந்தாங்க, 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல அந்த வேலில தானா கலந்து முளைச்ச செடில இருந்துதான் பூர்பான் ரோஜா வம்சமே வந்துச்சு, எட்வர்டும் அந்த வம்சம்தான். அதாவது வேலில பொறந்த ரோஜா, அதை மறுபடி வேலிக்கே வைக்கிறோம். டமாஸ்க் பக்கத்துல இருந்து வாசனை, சீனப் பக்கத்துல இருந்து திரும்பத் திரும்ப பூக்குற குணம்.

அந்தக் குணம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டாதான் கவாத்து, அதாவது கிளையை வெட்டி விடுறது, எப்ப பண்ணணும், ஏன் பண்ணணும்ன்றது புரியும், அதனால இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. நம்ம சோலைக் காட்டு ஓரத்துல வெள்ளையா ஒரு காட்டு ரோஜா கொடியா ஏறிக் கிடக்கும் பாத்திருப்பீங்க, ரோசா லெஷனால்டியானா, நீலகிரிலயும் பழனி மலைலயும் தானா வளர்றது. அது தன் சீசன்ல ஒரே மூச்சா பூக்கும், அதோட சரி, மிச்ச மாசமெல்லாம் கிளை நீட்டிக்கிட்டே போகும். காட்டு ரோஜாக்கள்ல கேஎஸ்என்னு ஒரு மரபணு இருக்கு, அது சீசன் தவிர மத்த நேரத்துல பூக்க விடாம பிரேக் புடிச்சு வெச்சிருக்கும். சீன ரோஜால அந்த மரபணு நடுவுல வேற ஒரு டிஎன்ஏ துண்டு வந்து செருகிக்கிச்சு, பிரேக் ஒயர் அறுந்த வண்டிதான் அது, நிறுத்த ஆளே இல்ல. 2012ல வந்த ஆராய்ச்சிக் கட்டுரைல இதை விளக்கமா காட்டியிருக்காங்க. விளைவு என்னன்னா இந்த செடிங்கள்ல வர்ற புதுத் தளிர் ஒவ்வொண்ணும் நுனில பூவோடதான் முடியும். அப்ப நமக்கு வேண்டியது பூ இல்ல, புதுத் தளிர். புதுத் தளிர் வரணும்னா செடிகிட்ட மாவுச்சத்து சேமிப்பு இருக்கணும், அதை சமைக்கிறது இலை. மழைல இலை பூரா கொட்டிப்போன செடி, இருக்கிற சேமிப்பைப் போட்டு மொதல்ல இலையைத்தான் விடும், பூ விட்டாலும் சின்னதா நாலு பூ வரும். உரத்தைக் கொட்டுறதால இது மாறாது.

சரி மண்ணு. எங்க நிலம் பழைய தேயிலை புடுங்குன இடம், செம்மண்ணு. சுவரோரமா இருக்கிற ஹைட்ராஞ்சியா நல்ல நீலமா பூக்குது, அதுவே மண்ணு புளிப்புன்னு சொல்லிடுது, புளிப்பு மண்ணுல அலுமினியம் கரைஞ்சு செடிக்குக் கிடைக்கிறதாலதான் அந்த நீலம் வருது. மண் பரிசோதனைக்குக் குடுத்ததுல பிஹெச் 5க்குக் கீழ வந்துச்சு. தேயிலைக்கு அது சொர்க்கம், ரோஜாவுக்கு 6ல இருந்து 6.5 வேணும். அதனால நடுறதுக்கு ரொம்ப முன்னாடியே ஒன்றரை அடி நீளம் அகலம் ஆழத்துல குழி எடுத்து, எடுத்த மண்ணுல குழிக்கு ரெண்டு கை டோலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்து மறுபடி போட்டு வெச்சேன். எஸ்டேட்டுக்கு விக்கிற கடைல மூட்டையாவே கிடைக்கும், சாதா சுண்ணாம்பை விட இது நல்லது, மெக்னீசியமும் சேர்ந்து வரும், எங்க மண்ணுல மழை அடிச்சு அதுவும் போயிருக்கும். ஒரு முக்கியமான விஷயம், டோலமைட்டையும் சாணி எருவையும் ஒரே நாள்ல ஒண்ணா கலந்து போடாதீங்க, எருவுல இருக்கிற தழைச்சத்து அம்மோனியாவா காத்துல போயிடும். மொதல்ல டோலமைட், ஒரு மாசம் மழையும் வெயிலும் பட்டப்புறம் மக்குன தொழு உரம் ரெண்டு சட்டி, வேப்பம் புண்ணாக்கு ஒரு கை, எலும்புத்தூள் ஒரு கை. அப்புறம் வருஷா வருஷம் விறகடுப்பு சாம்பல் தூவுறேன், சாம்பல்சத்தும் ஆச்சு, புளிப்பும் குறையும்.

பழைய ரோஜா இருந்த அதே குழில புது ரோஜா வைக்காதீங்க, மண்ணு சலிச்சுப்போய் இருக்கும், புதுச் செடி வளரவே வளராது. வேற வழியே இல்லன்னா அந்தக் குழி மண்ணை எடுத்து காய்கறிப் பாத்திக்குப் போட்டுட்டு அங்க இருந்து மண்ணு கொண்டு வந்து நிரப்புங்க.

இப்ப குச்சி. கடைச்செடி வாங்கலாம்தான், நானும் மொதல் ஐஸ்பெர்க் கடைலதான் வாங்குனேன், ஆனா வேற ஒரு ரோஜாவோட வேர் மேல (அதுதான் அடிச்செடி) ஒட்டு கட்டுன ஒட்டுச்செடில எங்க மலைல ஒரு தொந்தரவு இருக்கு. ஒட்டு கட்டுன இடத்துக்குக் கீழ இருந்து அடிச்செடியோட துளிர் கிளம்பும், நல்ல ஈரமும் குளிரும் இருக்கிறதால அது மேல இருக்கிற செடியை விட வேகமாப் போகும். ஒரு நர்சரில வாங்குன செடி அப்படித்தான், ஐஸ்பெர்க்னு குடுத்தாங்க, ஐஸ்பெர்க்தான் பூத்துச்சு, அடுத்த வருஷம் பாத்தா அடில இருந்து மெலிசா நீளமா கிளைங்க, அதுல சின்னச் சின்ன வெள்ளைப் பூவா ஒரே கொத்து, அது அடிச்செடியா வெச்ச மல்டிஃப்ளோரான்ற காட்டு ரோஜா. பூத்து முடிஞ்சா அவ்வளவுதான், மறுபடி பூக்காது. இந்தத் துளிரை மேல வெட்டுனா ரெண்டாக் கிளைக்கும், மண்ணைத் தோண்டி அது வேர்ல கிளம்புற இடத்துல புடிச்சு பிச்சு எடுக்கணும். சொந்த வேர்ல நிக்கிற செடில இந்தக் கதையே இல்ல, காட்டுமாடு மேஞ்சு தரையோட போனாலும் திரும்ப வர்றது அதே ரோஜாதான். அதனால வேலி முழுக்க குச்சிச் செடியா போடுறதுன்னு முடிவு பண்ணேன்.

குச்சிக்கு எங்க ஊர்ல ஜூன் கடைசி, ஜூலைதான் நேரம், மிஸ்டும் சாரலும் இருக்கும், வெயில் சுடாது. பூத்து அப்பத்தான் உதிர்ந்த கிளை எடுக்கணும், பென்சில் கனம், ரொம்ப இளசும் வேணாம் ரொம்ப முத்துனதும் வேணாம், முள்ளை பக்கவாட்டுல தள்ளுனா டக்குனு சுத்தமா உடைஞ்சு வரணும், அதுதான் பக்குவம். ஒரு சாண் நீளம், நாலு கணு, கீழ கணுவுக்கு அடியோட ஒட்டி நேரா ஒரு வெட்டு, மேல கணுவுக்குக் கால் இஞ்சு விட்டு சாய்வா ஒரு வெட்டு. உச்சில ஒரே ஒரு இலையை விட்டுட்டு மத்ததை எடுத்துடுங்க. ஆத்து மணல், ஊறவெச்சுக் கழுவுன தேங்காநார் தூள், கொஞ்சம் செம்மண்ணு, இதுதான் பைல போடுற கலவை, எரு எதுவும் சேர்க்கக் கூடாது, குச்சி அழுகிடும். குச்சியை அப்படியே குத்துனா பட்டை உரிஞ்சிடும், ஒரு கம்பால ஓட்டை போட்டு முக்கால்வாசி உள்ள போற மாதிரி வெச்சு விரலால அழுத்தி விடணும். வேர் பவுடர் எட்வர்டுக்கு வேண்டியதே இல்ல, அது எங்க குத்துனாலும் வேர் விடும், தமிழ்நாட்டுல பல நர்சரில அதையே அடிச்செடியா வெச்சு ஒட்டு கட்டுறதும் அதனாலதான். ஐஸ்பெர்க்குக்குத் தொட்டு வெச்சேன், நல்லாவே பிடிச்சுது.

இதுல ஒரு விஷயம் கவனிங்க, ரெண்டு வாரத்துலயே மேல துளிர் வரும், உடனே எடுத்து நடணும்னு கை பரபரக்கும். அந்தத் துளிர் குச்சிக்குள்ள இருக்கிற சத்துல வர்றது, கீழ வேரே இருக்காது. நம்ம குளிர்ல வேர் புடிக்க ரெண்டு மாசம் ஆகும், மெதுவா இழுத்துப் பாத்தா புடிமானம் தெரியும், பை அடில வெள்ளை வேர் எட்டிப் பாக்கும், அதுக்கப்புறம்தான் அசைக்கணும். சின்னச் செடிலயே மொட்டு வெச்சிடும், பிரேக் இல்லாத செடிங்கல்ல, ரெண்டு இலை இருந்தாலும் பூக்கத்தான் பாக்கும். அந்த மொட்டையெல்லாம் பட்டாணி அளவுல இருக்கும்போதே கிள்ளிடுங்க. மொத வருஷம் முழுக்க கிள்ளுனேன், மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு, வீட்டுல எல்லாரும் சண்டை, ஆனா அடில இருந்து தடிமனா புதுக்கிளை எழும்புனது அதுக்கப்புறம்தான், அந்த அடிக்கிளைங்கதான் புதர் ரோஜாவோட எலும்பு.

நடும்போது கிழக்கு பாத்த ஓரமா பாத்து வெச்சேன், காலை வெயில் நேரா மேல விழணும், சாயங்கால வெயில் எவ்வளவு அடிச்சாலும் அதுக்கு ஈடாகாது, இலை சீக்கிரம் காயணும்ன்றதுதான் கணக்கு. அந்தப் பக்கம் நின்ன சில்வர் ஓக் மரத்துல கீழ்க் கிளைங்களை எடுத்துட்டேன். செடிக்குச் செடி மூணரை அடி. வேலின்னா நெருக்கமா வைக்கணும்னு சொன்னாங்க, நெருக்கி வெச்சா ஒரு வருஷம் பாக்க நல்லாருக்கும், அடுத்த மழைல உள்ள காத்து போகாம எல்லா செடிக்கும் ஒண்ணா கரும்புள்ளி வரும். ரெண்டு ஐஸ்பெர்க்குக்கு ஒரு எட்வர்டு, அந்த வரிசைல போட்டிருக்கேன், ரோட்டுப் பக்கம் மட்டும் முழுக்க எட்வர்டு, முள்ளுக்காக.

முள்ளு ஆடு மாட்டுக்குத்தான். காட்டுமாடு அதையெல்லாம் பாக்குறதே இல்ல, நின்னு நிதானமா இளந்தளிரை மேஞ்சுட்டுப் போகும். நம்ம ஊர்ல அது நடக்கிறதுதான், ரெண்டு மாசம் கழிச்சு பூ வரும்.

மழைக்காலம்தான் உண்மையான வேலை. செப்டம்பர் கடைசிலயே ஆரம்பிச்சுடணும், ஐப்பசி பொறந்தப்புறம் மருந்து அடிக்க காய்ஞ்ச நாளே கிடைக்காது. மொதல்ல செடிக்குள்ள போய் மெலிஞ்ச குச்சி, ஒண்ணை ஒண்ணு உரசுற கிளை, தரையைத் தொடுற இலை எல்லாத்தையும் எடுத்து காத்து போக வழி பண்றது. கரும்புள்ளி வந்து விழுந்த இலையைப் பொறுக்கி எரிக்கிறது, உரக்குழில போடக் கூடாது, அந்த இலைலதான் நோய் உக்காந்திருக்கும், மழைத்துளி தரைல அடிச்சுத் தெறிக்கும்போது அடி இலைக்கு ஏறும். அதுக்குத்தான் மூடாக்கு, சில்வர் ஓக் சருகை ரெண்டு இஞ்சு கனத்துக்கு செடியைச் சுத்திப் போடுறேன், தண்டை ஒட்டாம.

அப்புறம் போர்டோ கலவை, மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்த்துப் பண்ற பூஞ்சை மருந்து. 1880கள்ல பிரான்ஸ் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துல மில்லார்டேன்றவர் கண்டுபுடிச்சது, இன்னும் இதுக்கு வேலை இருக்கு. தேயிலைக்குக் கொப்புள நோய்க்கு காப்பர் மருந்து அடிச்ச ஊரு இது, அதனால மயில்துத்தம் எந்த உரக்கடைலயும் கிடைக்கும். 1 சதவீதக் கலவைன்னா 10 லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. ரோஜா இலைக்கு நான் அதுல பாதிதான் போடுறேன், 50க்கு 50, குளிர்ல இலை மெதுவா காயுற ஊர்ல காப்பர் ஜாஸ்தியானா இலை ஓரம் கருகும், அதே காரணத்துக்காக வெயில் வர்ற காலை நேரமாப் பாத்துத்தான் அடிக்கணும். பிளாஸ்டிக் பக்கெட் ரெண்டு, ஒண்ணுல துத்தம் கரைச்சு, இன்னொண்ணுல சுண்ணாம்பு கரைச்சு வடிகட்டி, துத்தத் தண்ணியை சுண்ணாம்புத் தண்ணில மெதுவா ஊத்திக்கிட்டே கலக்கணும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்தப்புறம் பளபளன்னு தேய்ச்ச இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்க, செம்பு நிறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தல, இன்னும் கொஞ்சம் சேர்க்கணும். அன்னிக்கே அடிச்சு முடிச்சுடுங்க, மிச்சம் வெச்சு மறுநாள் அடிச்சா பிரயோஜனம் இல்ல. இலைக்கு அடிப்பக்கமும் படணும். அடிச்சா கரும்புள்ளி அடியோட போயிடும்னு சொல்ல மாட்டேன், ஐஸ்பெர்க்ல வரத்தான் செய்யுது, ஆனா மழை முடியும்போது செடில பாதி இலையாவது பச்சையா நிக்கும், அடிக்காத செடி வெறும் குச்சியா நிக்கும். அந்தப் பாதி இலைக்காகத்தான் இவ்வளவும்.

கவாத்து ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரம். எங்க பக்கத்து லைன்ல ஒரு தாத்தா இருக்காரு, எஸ்டேட்ல கவாத்து மேஸ்திரியா இருந்தவரு, நான் கட்டரை வெச்சுக்கிட்டு இருக்கிறதைப் பாத்துட்டு வேலிக்கு அந்தப் பக்கமே நின்னு கேட்டாரு, "பாப்பா, மழைக்குத் தப்பிச்ச இலையையும் சேத்து எடுக்கப் போறியா?" கவாத்துன்னா எல்லா இலையையும் உருவிட்டு வெட்டணும்னு தானே தாத்தா புஸ்தகத்துல போட்டிருக்குன்னு சொன்னேன். "மொத்தமா எடுத்துட்டா செடி எதைத் தின்னுட்டு துளிர் விடும்? தேயிலைல நாங்க ஓரத்துல ரெண்டு கிளையை இலையோட விட்டுட்டுத்தான் வெட்டுவோம், புதுக் கொழுந்து கிளம்பினப்புறம் அதை எடுப்போம். செடி மூச்சு விடணும்ல."

எனக்கு அது நெஞ்சுல பதிஞ்சுபோச்சு. வரிசைல ஒண்ணு விட்டு ஒண்ணா, பாதி செடிக்கு இலையை உருவி புஸ்தக முறைலயும், பாதி செடிக்கு தாத்தா சொன்னபடி ரெண்டு இலைக்கிளையை விட்டும் கவாத்து பண்ணேன். ரெண்டுமே துளிர்த்துச்சு, ஆனா இலை விட்ட செடில துளிர் தடிமனா, அடிப்பக்கக் கணுவுல இருந்தும் வந்துச்சு, மொட்டையா நின்ன செடில நிறைய வெட்டுவாய் கருகி கீழ இறங்குச்சு. அதுக்கப்புறம் எல்லா செடிக்கும் தாத்தா முறைதான். குளிர் ஊர்ல ரோஜா தானாவே இலை உதிர்த்துட்டுத் தூங்கும், அங்க எழுதுன புஸ்தகம் அப்படித்தான் சொல்லும், நம்ம மலைல செடி தூங்குறதே இல்ல, பனி மாசத்துலயும் இலை வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கு.

வெட்டுற அளவு மூணுல ஒரு பங்கு, அவ்வளவுதான். தரைல இருந்து ஒரு அடி விட்டு ஒட்ட வெட்டுறது மலர்க் கண்காட்சிக்கு ஒத்தைப் பூ ரோஜா வளர்க்கிறவங்க முறை, புதர் ரோஜாவுக்கு அது வேணாம். தேயிலை மாதிரி ஒரே மட்டமாவும் வெட்டக் கூடாது, முன்பக்கம் தாழ்வா, பின்பக்கம் உசரமா, ஒவ்வொரு கிளையும் வேற வேற உயரத்துல நின்னாதான் அடி முதல் நுனி வரைக்கும் பூ வரும். வெளிப்பக்கம் பாத்த கணுவுக்கு மேல வெட்டணும். ரொம்ப வயசான கிளை ஒண்ணு ரெண்டை மட்டும் அடியோட எடுத்துடுவேன், வருஷத்துக்கு அவ்வளவு போதும். தடிமனான வெட்டுவாய்க்கு போர்டோ பசை, 1 லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் துத்தம் 100 கிராம் சுண்ணாம்பு, பிரஷ்ல தடவிடுங்க. அதே வாரத்துல எரு, வேப்பம் புண்ணாக்கு, சாம்பல் எல்லாம் குடுத்துட்டு, துளிர் விரல் நீளம் வந்தப்புறம் கடலைப் புண்ணாக்கு ஊறவெச்சுத் தெளிஞ்ச தண்ணி. பிப்ரவரி மார்ச்ல பகல் காய்ஞ்ச வெயிலா, ராத்திரி குளிரா இருக்கும், இளந்துளிர்ல வெள்ளையா சாம்பல் நோய் வரும், அதுக்கு இலை நனையணும்னே அவசியம் இல்ல, நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அடிச்சா நிக்குது.

ஏப்ரல் கடைசில ஆரம்பிச்சு மே பூரா பூ. ஊட்டி ரோஸ் கார்டன்லயும் மே சீசனுக்குப் பூக்கணும்னு வருஷ ஆரம்பத்துலயே கவாத்து முடிச்சுடுறாங்க, 1995ல எல்க் ஹில் சரிவுல படி படியா வெட்டி ஆரம்பிச்ச தோட்டம், 2006ல ஜப்பான் ஒசாகால உலக ரோஜா சங்கக் கூட்டமைப்போட விருது வாங்குச்சு. போனா பூவை மட்டும் பாக்காம வெட்டுன இடங்களைப் பாருங்க, எந்தக் கணுவுல வெட்டியிருக்காங்க, அங்க இருந்து துளிர் எந்தப் பக்கம் போயிருக்குன்னு, ரொம்ப கத்துக்கலாம்.

பூத்து முடிஞ்ச கொத்தை உடனே எடுக்கணும், காய் பிடிக்க விட்டா செடி அதுக்குத்தான் சத்தை அனுப்பும், அடுத்த துளிர் தள்ளிப்போகும். கொத்துக்குக் கீழ அஞ்சு இலை இருக்கிற மொத நல்ல கணுவுல வெட்டுனா போதும். ஜாடில வைக்க நீளமாக் காம்போட வெட்டித் தாங்கன்னு கேப்பாங்க, சொந்தக்காரங்களா இருந்தாலும் நான் குடுக்கிறதில்ல, காம்போட போறது பூரா இலை. மே பூ போனப்புறம் ஜூன் சாரல்ல பூ கம்மிதான், வெள்ளை இதழ்ல ரோஸ் பொட்டு பொட்டா விழும், அது ஈரத்துல வர்ற பூஞ்சை, அந்தப் பூவை எடுத்துடுறதைத் தவிர வேற ஒண்ணும் பண்ண வேணாம். ஆகஸ்ட் நடுவுல நுனியை மட்டும் குறைக்கிற மாதிரி லேசா ஒரு வெட்டு, அதுக்கு செப்டம்பர் கடைசி அக்டோபர்ல ரெண்டாவது பெரிய சுத்து வரும், மழை வலுக்கிறதுக்குள்ள. இந்த ரெண்டுக்கும் நடுவுல அங்கங்க பூத்துக்கிட்டேதான் இருக்கும், எட்வர்டு நிறைய, ஐஸ்பெர்க் கொஞ்சம்.

கரும்புள்ளிக்கு மருந்து அடிக்கவே வேணாம்ன்ற மாதிரி ரோஜா நம்ம மலைக்கு வேணும்ன்றது என்னோட பெரிய ஆசை. கொடைக்கானல்ல எம்.எஸ். வீரராகவன் ஐயாவும் கிரிஜா அம்மாவும் பல வருஷமா செஞ்சுக்கிட்டு வர்ற வேலை அந்த வழிலதான், ஐரோப்பாக் குளிருக்காக உருவாக்குன ரோஜா நம்ம நாட்டுக்குப் பொருந்தாதுன்னு, மணிப்பூர்ப் பக்கத்து ரோசா ஜைஜான்டியாவையும் வெப்ப நாட்டுக் காட்டு ரோஜாவான ரோசா கிளினோஃபில்லாவையும் வெச்சுக் கலப்பு பண்ணி புது ரகம் கொண்டு வந்திருக்காங்க, தாவரவியல் அறிஞர் ஈ.கே. ஜானகி அம்மாள் பேர்லயே ஒரு ரோஜா உண்டு. வீரராகவன் ஐயா ஐஏஎஸ் வேலைய விட்டுட்டு வந்து இதுக்காகவே தன்னை ஒப்படைச்சவரு. வருஷம் பூரா இலை பச்சையா நிக்கிற வம்சம் அது, அதுல இருந்து ஒரு குச்சி கிடைச்சா வேலியோட வடக்கு முனைல வைக்க குழி எடுத்து டோலமைட் போட்டு வெச்சிருக்கேன்.

ஊட்டி, கேத்தி பக்கம் இருக்கிறவங்க ஒண்ணு மாத்திக்கணும், உங்களுக்கு ஜனவரில உறைபனி விழும், அப்ப வெட்டுனா இளந்துளிர் கருகிடும், பள்ளத்துல வீடு இருந்தா இன்னும் மோசம், அதனால கவாத்தை பிப்ரவரி கடைசிக்குத் தள்ளுங்க, பூ மே நடுவுல வரும். குன்னூர்க்காரங்களுக்கு வடகிழக்கு மழை எங்களை மாதிரியே அடிக்கும், செப்டம்பர் போர்டோவை மட்டும் விட்டுடாதீங்க. எட்வர்டு குச்சி வேணும்னா ஜூலைல வாங்க, ஈரத்துணில சுத்தித் தர்றேன்.